உம்மாவின் பெட்டகத்துக்கு யார் விலை போடுவது?

கேள்வி: நாங்கள் வரிப்பத்தான்சேனை. வாப்பா மௌத்தாகி இரண்டு வருசம். உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. எங்கள் வீட்டில் பித்தளைப் பட்டம் அடித்த பெரிய மரப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கையால் எழுதிய குர்ஆன் ஒன்று, அறபுத் தமிழ் கிதாபு ஒன்று, பழைய வெற்றிலை வட்டா ஒன்று. எல்லாம் உம்மாவின் வாப்பாவுடையவை. அவர் அந்தக் காலத்தில் ஊரில் லெப்பையாக இருந்தவர். கிதாபின் கடைசிப் பக்கத்தில் அறபு இலக்கத்தில் 1291 என்று இருக்கிறது.

வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிவிட்டோம். பெட்டகமும் அந்த வீட்டில்தான். காக்கா இதையும் விலை போட்டுப் பங்கு வைக்க வேண்டும் என்கிறார். கத்தாரில் இருக்கிற தம்பி, அங்கே கொண்டுபோனால் கோடிக்கு எடுப்பார்கள் என்கிறான். போன மாதம் வேனில் வந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுபதாயிரம் தருகிறேன் என்றார், உம்மா விரட்டிவிட்டார். வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கப் போனால், ‘பழைய சாமானுக்கு மதிப்பீட்டு அறிக்கை கொண்டு வாங்க’ என்கிறார்கள். தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் யாரிடம் போவது? வரி ஏதும் கட்ட வேண்டி வருமா?

— வாசகி, வரிப்பத்தான்சேனை

பதில்: மகள், விலைக்கு வருமுன் உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரு வரியைத் திரும்ப வாசியுங்கள். ‘எல்லாம் உம்மாவின் வாப்பாவுடையவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இவை உங்கள் வாப்பாவின் சொத்தே அல்ல. அவர் மௌத்தானதால் பங்கு வைக்க இதில் ஒன்றுமில்லை. உம்மா ஹயாத்தோடு இருக்கிறார். உரிமைக்காரி அவர்தான். காக்காவிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

அதுவும் முழுதாக உம்மாவுடையதா என்பது அடுத்த கேள்வி. அந்த லெப்பைக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்களா? ஆண் பிள்ளை இருந்தால் ஒரு கணக்கு. பெண் பிள்ளைகள் மட்டும் என்றால் அவருடைய சகோதரர் வழிக்கும் ஒரு பகுதி போகலாம். ‘எங்க வாப்பா இதை எனக்கென்று தந்தவர்’ என்று உம்மா சொல்வாரானால் அது ஹிபா, அதாவது நன்கொடை. கொடுத்ததும், ஏற்றுக்கொண்டதும், கையில் ஒப்படைத்ததும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் முஸ்லிம்களின் இந்த விடயங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பலர் இப்படியான பிரச்சினைக்கு காதி நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். காதியார் பார்ப்பது விவாகம், விவாகரத்து, தாபரிப்பு. சொத்துத் தகராறு என்றால் மாவட்ட நீதிமன்றம்தான்.

சீதன உறுதியையும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குப் போகும், வீட்டோடு சாமானும் போனதாக எல்லாரும் நினைத்துக்கொள்வோம். உறுதியில் நொத்தாரிசு எழுதியிருப்பது காணியும் கட்டடமும். பெட்டகத்தைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அது தங்கச்சி வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் தங்கச்சியுடையது ஆகாது. அவர் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இனி மதிப்பீடு. ஒரே பெட்டகத்துக்கு மூன்று பேர் மூன்று விலை சொன்னால் அதில் ஒருவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். குடும்பத்துக்குள் பங்கு வைப்பதற்கோ வழக்குக்கோ என்றால், விற்க விருப்பமுள்ளவரும் வாங்க விருப்பமுள்ளவரும் அவசரமில்லாமல் பேசினால் படியும் சந்தை விலை வேண்டும். மரணத்தின் பின் பங்கு என்றால் அந்தத் திகதியில் என்ன விலை என்றும் கேட்பார்கள். காப்புறுதிக்கு வேறு கணக்கு: நாளைக்கு எரிந்துபோனால் இதே போன்ற ஒன்றை மீண்டும் வாங்கிவைக்க என்ன செலவாகும் என்பது. இது சந்தை விலையைவிடக் கூடுதலாகவே வரும். வேன்காரர் சொன்ன அறுபதாயிரம் இரண்டிலும் சேராது. அது அவர் தன் இலாபத்தைக் கழித்துவிட்டுச் சொன்ன விலை. வாங்க வந்தவரிடம் மதிப்புக் கேட்பது, மீன்காரரிடமே ‘மீன் நல்லதா’ என்று கேட்பது மாதிரி.

ஆகையால் அறிக்கை கேட்கும்போதே ‘இது காப்புறுதிக்கு’, ‘இது குடும்பப் பங்குக்கு’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஒன்றுக்காக எழுதியதை மற்றதற்குக் கொடுத்தால் எதிர்த் தரப்புச் சட்டத்தரணி முதல் கேள்வியிலேயே அதை உடைத்துவிடுவார்.

யாரிடம் போவது என்பதில்தான் நம் நாட்டில் சிக்கல். விலைமதிப்பீட்டாளர் என்று பலகை போட்டிருப்பவர்களில் அநேகமானோர் காணி, வீடு, வயல் மதிப்பிடுகிறவர்கள். வங்கிக் கடனுக்கு அவர்கள் போதும். ஒரு கையெழுத்துக் குர்ஆனைக் கொடுத்தால் அவர்களால் பக்கத்தை எண்ணத்தான் முடியும். உங்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். பொருள் என்ன, எந்தக் காலம், எந்த ஊர் வேலை என்று சொல்கிறவர் ஒருவர். அதற்குச் சந்தையில் என்ன விலை என்று சொல்கிறவர் மற்றவர். முதலாமவர் இல்லாமல் இரண்டாமவரிடம் போகக் கூடாது.

முதலாமவர் உங்களுக்குத் தூரத்தில் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள், அறபு மொழிப் பீடம் இருக்கிறது. அறபெழுத்தில் எழுதிய தமிழை, அறபுத் தமிழை, வாசிக்கத் தெரிந்தவர்கள் கிடைக்கிற இடம். முதலில் பெட்டகத்தையோ கிதாபையோ தூக்கிக்கொண்டு போக வேண்டாம், படத்தோடு போங்கள். பகல் வெளிச்சத்தில் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் இரண்டு பக்கம், அட்டை, முதுகு. பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள்.

அந்த 1291 என்னை இருக்கையை விட்டு எழுப்பியது. ஹிஜ்ரி 1291 என்றால் கி.பி. 1874. அறபுத் தமிழ் செழித்திருந்த காலம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ் என்று நாம் சொல்கிறவர், 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர். இலங்கைக்கு வந்து போனவர். அவருடைய கிதாபுகள் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஓதப்பட்டவை. ஆனால் அந்த இலக்கம் எதைக் குறிக்கிறது? எழுதிய ஆண்டா, பார்த்துப் பிரதி எடுத்த ஆண்டா, அச்சடித்த ஆண்டா?

இதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பம்பாய் போன்ற இடங்களில் கல்லச்சில் அடித்த குர்ஆன்களும் கிதாபுகளும் ஏராளமாக இங்கே வந்தன. கல்லச்சு என்றால் கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றிப் பிரதி எடுப்பது. பார்த்தால் கையெழுத்துத்தான். நூறு வீட்டில் அதே கையெழுத்து இருக்கும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பூதக்கண்ணாடி எடுத்து ஒரே வரியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். கலம் என்ற நாணற் பேனையால் எழுதியது என்றால், மையில் தோய்த்த உடனே எழுத்து கறுப்பாக இருக்கும், நாலைந்து சொல் போனதும் மங்கும், மறுபடி தோய்த்த இடத்தில் திடீரென்று கறுக்கும். எழுத்தின் வால் முடிகிற இடத்தில் மை தேங்கிக் காய்ந்திருக்கும். கல்லச்சில் இந்த ஏற்ற இறக்கம் இராது, முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒரே கறுப்பு. பிறகு ஒரு வெற்றுத் தாளை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டுகிற அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரிந்தால் அது கையால் வார்த்த கடதாசியாக இருக்கலாம். மூன்று பிறை வரிசையாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. இத்தாலியில் முஸ்லிம் நாடுகளுக்கென்று செய்து அனுப்பிய கடதாசியில் அந்த நீர்க்குறி இருக்கும். கல்லச்சுப் பிரதி என்று தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். விலை குறையும், அரிதான பதிப்பாக இருந்தால் ஆய்வாளருக்கு அது பொக்கிஷம்.

பெட்டகத்துக்கும் ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. கீல்களில் இருக்கிற திருகாணிகளைக் கழற்றாமல் தலையை மட்டும் பாருங்கள். தலையில் வெட்டிய பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் விலகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அரத்தால் வெட்டிய பழைய வேலை. எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவு என்றால் இயந்திரத் திருகாணி. பின்னால் மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம், பெட்டகமே புதியதாகவும் இருக்கலாம். மரம் முதிரையா, பலாவா, கருங்காலியா என்று உங்கள் ஊர்த் தச்சாசாரி ஒருவர் முகர்ந்தே சொல்லிவிடுவார். ‘ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம்’ என்று சொல்லி விற்கப்படுகிறவை எல்லாம் ஒல்லாந்தர் காலத்தவை அல்ல.

ஒரு கெஞ்சல். பார்வைக்கு வைக்கப் போகிறோம் என்று வட்டாவைப் பழப்புளி போட்டு மினுக்காதீர்கள். நூறு வருசப் பொலிவை ஒரு பின்னேரத்தில் தேய்த்துவிட்டு, ‘சேர், பளபளவென்று வைத்திருக்கிறோம்’ என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டகத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். நம் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் லேமினேட் செய்கிற வியாதி ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழோடு அது நிற்கட்டும், கிதாபுப் பக்கம் வர வேண்டாம்.

இப்போது பக்கத்து வீட்டார் சொன்ன பயம். மாயக்கல்லி மலையில் 2016இல் புத்தர் சிலை வைக்கப்பட்டதைப் பார்த்த இறக்காமத்து ஆட்களுக்குத் ‘தொல்பொருள்’ என்ற சொல்லே கசக்கும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் காணியும் மலையும் வேறு, வீட்டுப் பெட்டகம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் மண்ணுக்கடியில் இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடப்பதை அரசின் சொத்து என்கிறது. வயலில் கிணறு வெட்டும்போது ஒரு குடம் காசு வந்தால் அது உங்களுடையது அல்ல, அறிவிக்க வேண்டும். பரம்பரையாக வீட்டில் கைமாறி வந்ததன் நிலை அப்படி அல்ல.

அந்தச் சட்டத்தில் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்கு முற்பட்ட எழுத்து, ஓவியம், உலோக வேலை, நகை, ஆயுதம் எல்லாம் தொல்பொருள். ஹிஜ்ரிக் கணக்கில் அந்த நாள் 1230இல் விழுகிறது. உங்கள் கிதாபு 1291, கோட்டுக்கு இப்பால். குர்ஆனில் ஆண்டு இல்லாவிட்டால் கடதாசியும் மையும்தான் சாட்சி. அது 1230க்கு முற்பட்டதாக இருக்கக்கூடும் என்று ஒலுவிலில் சொன்னால், ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டுத் திணைக்களத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒளித்து வைத்துப் பிறகு பிடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கத்தார்த் தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தோஹாவில் 2008இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் உலகத்தரமானது, உண்மை. அதனாலேயே அவர்கள் முதலில் கேட்பது ‘எங்கிருந்து வந்தது, எப்படி வெளியே வந்தது’ என்பது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படியான பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. 1815க்குப் பிற்பட்டது என்று தம்பியே தீர்மானித்துப் பயணப் பைக்குள் வைக்கக் கூடாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தால் கிதாபும் போகும், அவன் வேலையும் போகும்.

வந்த வழி தெரியாத பொருளுக்கு விலையே இல்லை என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று போதும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் நியூயோர்க் வியாபாரி ஒருவரிடம் 51 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மதிப்பீடு இருந்தது, கடிதங்கள் இருந்தன. கடிதங்கள் பொய். 2014 செப்டெம்பரில் சிலையை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கலைக்கூடத்தின் கையில் மிஞ்சியது வாங்கிய ரசீது. நம் நாட்டு லெவ்கே பீரங்கி கதையும் பார்த்தீர்கள்தானே. 1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கைப்பற்றியது, நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருநூறு வருசத்துக்கு மேல் கிடந்து, 2023 முடிவில் கொழும்புக்குத் திரும்பியது. அதைத் திருப்பியது விலை அல்ல, வந்த வழியைத் தேடி எடுத்த ஆராய்ச்சி.

காப்புறுதிக்கு வருகிறேன். வீட்டுக் காப்புறுதி எடுத்தால் வீட்டுக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பழம்பொருளைத் தனியாகப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் சாதாரண அலுமாரி விலைதான் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். குறைத்துச் சொல்லித் தவணைப் பணத்தை மிச்சம் பிடிப்பதும் வீண். இருபது இலட்சம் பெறுமதியானதை ஐந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, நாலு இலட்சத்துக்குச் சேதம் வந்தால், ஐந்துக்கு இருபது என்ற விகிதத்தில் ஒரு இலட்சம்தான் தருவார்கள். இன்னொன்று, கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம்கள் மீது நடந்த தாக்குதலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுல் ஆனாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டே கையெழுத்து வையுங்கள்.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? எதற்காக எழுதப்பட்டது, எந்தத் திகதியில் பார்த்தது, அளவு, மரம், உலோகம், பக்க எண்ணிக்கை, எங்கே கறையான் தின்றிருக்கிறது, எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டு விலை வந்தது, எழுதியவரின் தகுதி என்ன, இதை வாங்கவோ விற்றுத் தரவோ தனக்கு எந்த எண்ணமும் இல்லை என்ற உறுதி. படமும் கையெழுத்தும். ‘பழைய பெட்டகம் ஒன்று, பெறுமதி ரூபா 10 இலட்சம்’ என்று கடைக் கடிதத் தலைப்பில் இரண்டு வரி எழுதித் தந்தால் அதைக் கொண்டு கடலை சுற்றலாம். கூலியை மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலை ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால் அவர் எதற்கு விலையைக் குறைத்துச் சொல்லப் போகிறார்?

வரி பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. மரணத்தின் பின் சொத்துக்கு அறவிட்ட வரி நம் நாட்டில் இப்போது இல்லை. 2023இல் ஐ.எம்.எப். உடன்பாட்டோடு செல்வ வரி, பரிசு வரி, மரபுரிமை வரி என்று பேச்சு எழுந்தது, அதனால் திகதியிட்ட ஒரு மதிப்பீட்டைக் கோவையில் வைத்திருப்பது நல்லது. விற்றால் வருகிற காசை உள்நாட்டு இறைவரிக்கு எப்படிக் காட்டுவது என்பதை விற்குமுன் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். ஸகாத் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காக்கா கேட்பார். வியாபாரத்துக்கென்று வைத்திராத வீட்டுச் சாமானுக்கு ஸகாத் இல்லை என்றே ஆலிம்கள் சொல்கிறார்கள். பெட்டகத்தின் அடியில் தங்கக் காசு ஏதும் கிடந்தால் அது வேறு கதை.

குர்ஆனுக்கும் கிதாபுக்கும் காப்புறுதியைவிட நான் நம்புவது படப் பிரதியை. எரிந்தால் காசு வரும், அந்த எழுத்து வராது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, சோதனைக்கு வருகிறவர்களுக்கு அறபெழுத்தைக் கண்டால் சந்தேகம் வரும் என்று பயந்து பழைய கிதாபுகளை எரித்தவர்களும் புதைத்தவர்களும் நம் பக்கத்தில் இருந்தார்கள். அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நூலக நிறுவனம் பழைய நூல்களையும் சுவடிகளையும் எண்ணிமப்படுத்துகிறது, மூலப்பிரதி உங்களிடமே இருக்கும். காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலைக்கும் ஒருமுறை பிள்ளைகளோடு போய் வாருங்கள், உங்கள் வட்டாவுக்குச் சகோதரங்கள் அங்கே இருக்கக்கூடும்.

என்னுடைய தீர்ப்பு: விற்க வேண்டாம், கத்தாருக்கு அனுப்ப வேண்டாம், உம்மா ஹயாத்தோடு இருக்கும்வரை பங்கும் வேண்டாம். பெட்டகத்துக்கு மட்டும் காப்புறுதிக்கான மதிப்பீடு எடுங்கள். கிதாபுகளுக்கு முதலில் ஒலுவில், பிறகு படப் பிரதி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உம்மாவின் பக்கத்தில் இருந்து, அந்த லெப்பையின் பெயர், அவர் எங்கே ஓதினார், பெட்டகம் யாரிடமிருந்து வந்தது, எப்போது உம்மாவின் கைக்கு வந்தது, அப்போது வேறு யார் யார் இருந்தார்கள் என்பதை எல்லாம் அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒரு சமாதான நீதவான் முன்னால் அதைச் சத்தியக் கடதாசியாக்கிக் கையெழுத்து வாங்குங்கள். உம்மாவின் சகோதரங்களில் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒன்று. மதிப்பீட்டாளரை அடுத்த மாதமும் பிடிக்கலாம். உம்மாவுக்கு எழுபத்தெட்டு. இந்த வெள்ளிக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.